திருமங்கலத்திலிருந்து காசிக்கு: ஆறு பேர் பயணப் பதிவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று 2025 நவம்பரில் காசியும் கயாவும் போய் வந்தது. போனவர்கள் ஆறு பேர்: 68 வயது அம்மா, மூத்த மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, 9 வயதுப் பேரன். அப்பாவின் வருஷத் திதி முடிந்திருந்தது. கயாவில் அவருக்குப் பிண்டம் போட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

மூத்த மகன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான்கு நாள் கடையைப் பூட்டினால் விவசாயிகள் வேறு கடை பார்த்துப் போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு. மாப்பிள்ளைக்கு லீவு லேசில் கிடைக்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி. குடும்பத்தில் போனில் டிக்கெட் போட்டுப் பழக்கம் உள்ளவர் மகள் மட்டும்தான். போக்குவரத்து, தங்கல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குமேல் போகக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

எனக்கு இவர்கள் தெரிந்தவர்கள். ரசீதுகளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வாங்கிப் பார்த்து இதை எழுதுகிறேன். பெயர்களும், விமான நிறுவனம், முன்பதிவுத் தளம் எவை என்பதும் வேண்டாம் என்றார்கள்; விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட்: முதல் தேடல்

அம்மா கேட்டது மகாளய அமாவாசை, அதாவது செப்டம்பர் 21. மூத்த மகன் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு முன்பதிவுத் தளத்தில் மதுரை – வாரணாசி என்று போட்டுப் பார்த்தார். ஹைதராபாத்தில் மாறிப் போகும் விமானம், தலைக்கு 9,400 ரூபாய் என்று வந்தது. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் “இன்னும் 2 இருக்கைகளே”. ஆறு பேருக்குத் தேடியவரிடம் இரண்டு இருக்கைதான் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. பதற்றத்தில் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்விட்டார்.

அங்கே தொகை 62,698 ஆகியிருந்தது. ஆறு பேருக்கு 56,400தானே வரவேண்டும்? மகள் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி வரி வரியாகப் பிரித்தார். வசதிக் கட்டணம் தலைக்கு 399. இரண்டு விமானத்துக்கும் இருக்கைத் தேர்வு, தலைக்கு 400. “கேன்சல் செய்தால் முழுப் பணம்” என்ற திட்டம் தலைக்கு 249, அதுவும் ஏற்கெனவே டிக் அடித்த நிலையில். கடைசியாக ஒரு 10 ரூபாய் நன்கொடை. வசதிக் கட்டணத்தை விட்டுவிட்டாலும், மற்ற எதையும் இவர்கள் கேட்கவில்லை.

இப்படிக் கேட்காததைக் கூடையில் போடுவது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது எல்லாமே 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்டவை. அதில் மொத்தம் 13 வகை சொல்லியிருக்கிறார்கள். புகார் செய்யத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் பணம் கட்டும் நேரத்தில் காப்பாற்றுவது விதி இல்லை, டிக்கை எடுத்துவிடும் விரல்தான்.

அன்று பணம் கட்டவில்லை. மகள் சொன்ன காரணம் எளிமையானது: இது போவதற்கு மட்டும், வருவதற்கும் இதே கணக்கு என்றால் ஒன்றேகால் லட்சம்.

தேதியை நகர்த்தியது

இந்த நிகழ்வில் முக்கியமான முடிவு இதுதான் என்பது என் கருத்து. மகாளய பட்சம் முழுக்கவே கயாவில் பித்ருபட்ச மேளா நடக்கும். இந்தியா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். விமானம், அறை, வேன் எல்லாமே அந்த இரண்டு வாரமும் ஏறித்தான் இருக்கும். குடும்பத்துப் புரோகிதரிடம் கேட்டார்கள். கயா சிராத்தத்துக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை, எப்போது போனாலும் செய்யலாம் என்றார். அம்மா இரண்டு நாள் யோசித்து, “ஐயரே சொல்லிட்டா சரிதான்” என்றார்.

அப்புறம் எந்தத் தேதி? மாப்பிள்ளை காலாண்டு விடுமுறையைச் சொன்னார். பள்ளி விடுமுறை என்றால் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் எல்லாமே விலை ஏறும். அக்டோபர் 20 தீபாவளி. அதை ஒட்டி யாரும் ஊரைவிட்டுப் போக விரும்பவில்லை. நவம்பர் முதல் வாரம் காலியாகத் தெரிந்தது, நம் காலண்டரில். ஆனால் 4, 5 தேதிகளில் வாரணாசி விலை மட்டும் மலைபோல் நின்றது. விசாரித்தால் நவம்பர் 5 கார்த்திகைப் பௌர்ணமி, காசியில் தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள், ஒரு அறை கிடைக்காது. அதற்கு முன்னால் அக்டோபர் கடைசியில் சட் பூஜை. பீகார் பக்கம் போகும் ரயில்கள் பிதுங்கும். பீகார் சட்டமன்றத் தேர்தல் வேறு அந்தச் சமயத்தில் வரும் என்று பேச்சு; பின்னால் அறிவித்தபடி வாக்குப்பதிவு நவம்பர் 6, 11, எண்ணிக்கை 14.

டிக்கெட் விலையைத் தீர்மானிப்பது நம்மூர் பஞ்சாங்கம் மட்டும் இல்லை, போய்ச் சேரும் ஊரின் பஞ்சாங்கமும்தான். இதைப் பார்க்காமல் “எந்தக் கிழமை டிக்கெட் போட்டால் மலிவு” என்று தேடிக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை. கடைசியில் போவது நவம்பர் 17 திங்கள், திரும்புவது 23 ஞாயிறு என்று முடிவானது. பேரன் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

எங்கிருந்து ஏறுவது

பெங்களூருவிலிருந்து வாரணாசிக்கு நேரடி விமானம் உண்டு. விலை மதுரையிலிருந்து போவதைவிடத் தலைக்குச் சுமார் 1,800 ரூபாய் குறைவு. மூத்த மகன் அதையே எடுத்துவிடலாம் என்றார். மகள் ஒரு தாளில் கணக்குப் போட்டார்: இரவு ரயிலில் பெங்களூரு, ஆறு பேருக்கு டிக்கெட், விடிகாலையில் இறங்கி ஊரின் மறுகோடியில் தேவனஹள்ளியில் இருக்கும் விமான நிலையத்துக்குப் பெரிய வண்டி, நடுவில் அம்மா கால் நீட்ட ஓர் இடம், காலைச் சாப்பாடு. மிச்சம் பாதிக்குமேல் கரைந்துபோனது. அதைவிட முக்கியமாக, ரயில் தாமதமாகி விமானத்தை விட்டால் விமான நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது. ஹைதராபாத் வழியாக ஒரே டிக்கெட்டில் போனால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை.

மதுரை விமான நிலையம் திருமங்கலத்திலிருந்து ஒரு ஆட்டோ தூரம்தான். அதற்கும் ஒரு விலை உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு பேர், இரண்டு டிக்கெட்

நவம்பர் 17க்கு ஆறு பேருக்குத் தேடினால் தலைக்கு 7,350. ஒருவருக்குத் தேடினால் 6,480. மாப்பிள்ளை, “நாம தேடறதை அவன் பாக்குறான், அதான் ஏத்துறான்” என்று சொல்லி, பழைய தேடலைத் தளத்துக்குக் காட்டாத இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்த்தார். அதிலும் ஆறு பேருக்கு 7,350, ஒருவருக்கு 6,480. வேறு போனிலும் அதேதான்.

காரணம் வேறு. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவு அடுக்கில் நான்கு இருக்கை மிச்சம் இருக்கும்போது ஆறு பேரைக் கேட்டால், ஆறு பேரும் கொள்ளும் அடுத்த அடுக்கின் விலையை எல்லோருக்கும் போட்டுவிடும். மகள் 2, 3, 4 என்று ஏற்றிப் பார்த்தார். நான்கு வரை 6,480, ஐந்தில் 7,350. ஆக, முதலில் நான்கு பேர், அப்புறம் இரண்டு பேர் என்று இரண்டு பதிவு. 44,100க்குப் பதில் 40,620. மிச்சம் 3,480.

நான்கு பேர் டிக்கெட்டில் மூத்த மகன், மருமகள், மாப்பிள்ளை, பேரன். இரண்டு பேர் டிக்கெட்டில் அம்மாவும் மகளும். அம்மாவோடு யார் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அன்று யோசித்தார்கள். இரண்டு டிக்கெட் என்றால் கணினிக்கு இரண்டு குடும்பம் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

எங்கே வாங்குவது

முன்பதிவுத் தளத்தில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 1,200 ரூபாய் தள்ளுபடி. விமான நிறுவனத்தின் தளத்தில் தள்ளுபடி இல்லை. அங்கேயும் வசதிக் கட்டணம் உண்டு, தலைக்கு 350. எல்லாம் கழித்துப் பார்த்தால் முன்பதிவுத் தளம் 906 ரூபாய் மலிவு. வட்டியில்லாத் தவணை என்றும் காட்டியது. அதன் கீழே சின்ன எழுத்தில் செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் இருந்தன.

நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினார்கள். பயணத்துக்கு ஏழு நாளுக்குமேல் இருக்கையில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யவோ மாற்றவோ அப்போதைய விதிப்படி இடம் இருந்தது. பெயர்ப் பிழையையும் அதே 24 மணி நேரத்துக்குள் சும்மாவே திருத்தலாம். ஏதாவது நடந்தால் ஒரே இடத்தில் பேசினால் போதும், “அவர்களைக் கேளுங்கள், இவர்களைக் கேளுங்கள்” என்று பந்து உருட்ட மாட்டார்கள். 906 ரூபாய் அதற்கான விலை.

இதோடு தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: “ரீஃபண்ட் கிடையாது” என்று போட்ட டிக்கெட்டாக இருந்தாலும், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக்கூடாது. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்காதவர்கள்தான் அதிகம்.

பெயர்ப் பெட்டி

நம் ஊர்ப் பெயர்களுக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். பெட்டியோ ஒற்றை எழுத்தை ஏற்காது. அம்மாவின் பெயரை மகள் அடித்ததும், போன் தானாகவே தன்னிடம் சேமித்து வைத்திருந்த கடைசிப் பெயரை நிரப்பியது. அது மகளின் கணவர் பெயர். டிக்கெட்டில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெயர் வந்துவிட்டது. வீட்டில் ஒரே சிரிப்பு. ஆனால் விமான நிலைய வாசலில் ஆதாரையும் டிக்கெட்டையும் ஒப்பிடும் காவலர் சிரிக்க வேண்டிய அவசியமில்லை. மறுநாள் காலையிலேயே பேசி, ஆதாரில் இருக்கும் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயராக மாற்றிக்கொண்டார்கள். கட்டணம் வாங்கவில்லை.

திரும்பும் ரயில்

வரும்போது அவசரமில்லை, அம்மா படுத்துக்கொண்டே வரலாம், கங்கைச் சொம்பும் மூட்டையும் எத்தனை கிலோ என்று யாரும் நிறுக்கப் போவதில்லை. வாரம் ஒருமுறை ஓடும் கன்னியாகுமரி – பனாரஸ் காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போய் வருகிறது. ஞாயிறு பனாரஸில் ஏறினால் செவ்வாய் மதுரை.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120. நவம்பர் 23க்குச் செப்டம்பர் 24 காலை 8 மணி. மகள் முந்தின நாளே ஆறு பேரின் பெயர்களையும் கணக்கில் சேமித்து வைத்திருந்தார். மூத்த குடிமக்கள் சலுகை இருக்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. லோயர் பெர்த்துக்கான தனி ஒதுக்கீடு மட்டும் உண்டு: 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், 60க்கு மேற்பட்ட ஆண்கள். ஆனால் அதில் எடுத்தால் அம்மாவுக்குத் தனி டிக்கெட், பெட்டி மாறிவிடலாம்.

பயணிகள் விவரத்துக்குக் கீழே ஒரு பகுதி உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பெட்டி கிடைத்தால் மட்டும் பதிவு செய், குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று தேர்வுகள் இருக்கும். மகள் இரண்டாவதை எடுத்தார். மூன்றடுக்கு ஏசியில் ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட். இரண்டு லோயர் கிடைத்தது. பேரனுக்குத் தனிப் படுக்கை கேட்டதால் முழுக் கட்டணம். ஆறு பேருக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள். யுபிஐயில் கட்டியதால் வசதிக் கட்டணம் 20 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுவும் தலைக்கு இல்லை, டிக்கெட்டுக்கு. அடுத்த வாரமே, அக்டோபர் 1 முதல், முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று விதி வந்தது; பின்னர் அந்த நேரத்தை நீட்டிவிட்டார்கள். கணக்கில் ஆதாரை இணைக்காதவர்கள் முன்னமே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

தங்குமிடம்

காசியில் தளம் எதுவும் தேவைப்படவில்லை. கோதௌலியா பக்கம் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்துக்குப் போன் செய்து அறை சொல்லிவைத்தார்கள். நம் சாப்பாடு கிடைக்கும் என்பதே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

கயாவில் மூத்த மகன் அவசரப்பட்டார். ஒரு தளத்தில் இரண்டு அறை, 3,800 ரூபாய், “ரத்து செய்ய முடியாது” என்ற பிரிவில். ரத்து செய்யக்கூடிய விலையைவிட 600 ரூபாய் குறைவு. பத்து நாள் கழித்துப் புரோகிதர் மூலம் கயாவில் பேசியபோது, சிராத்த ஏற்பாட்டிலேயே அறையும் சாப்பாடும் அடக்கம் என்று தெரிந்தது.

அக்டோபர்: ஒரு குறுஞ்செய்தி

அக்டோபர் நடுவில் விமான நிறுவனத்திலிருந்து செய்தி: ஹைதராபாத் – வாரணாசி விமானம் ரத்து, மாற்று விமானம் ஒதுக்கப்பட்டுள்ளது. நான்கு பேர் டிக்கெட்டுக்கு அன்று மாலை விமானம். அம்மாவும் மகளும் இருந்த டிக்கெட்டுக்கு மறுநாள் காலை. ஹைதராபாத்தில் இரவு தங்கல்.

மூத்த மகன் கடையில் இருந்தபடியே வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடி, மேலே வந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். டிக்கெட் எண்ணை வாங்கிக்கொண்டார். மாற்றித் தருகிறேன், அதற்கு முன் ஒரு ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், சரிபார்ப்புக்கு 10 ரூபாய் அனுப்புங்கள் என்றார். ஆப்பை இறக்கும்போதே இன்னொரு போனில் தங்கையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “அண்ணே, மொதல்ல அந்தப் போனை வை” என்றார் மகள். வைத்தார். அந்த ஆப் திரையை மறுமுனைக்குக் காட்டும் வகை. 10 ரூபாய் அனுப்பும்போது யுபிஐ பின் தட்டுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே அழைக்க வேண்டியது சைபர் மோசடிப் புகார் எண் 1930. போகாவிட்டாலும், அழைத்த அந்த மோசடி எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் செய்யலாம், மகள் செய்தார்.

அப்புறம் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்தார்கள். நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ எது வேண்டும் என்று பயணி சொல்லலாம். மகள் இரண்டு டிக்கெட் எண்களையும் கொடுத்து, ஒரே குடும்பம், 68 வயது அம்மா, இரண்டையும் ஒரே விமானத்தில் போடுங்கள் என்றார். வெகுநேரம் இசை கேட்க வைத்துவிட்டு, ஆறு பேரையும் மாலை விமானத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். கூடுதல் கட்டணம் இல்லை.

பயணமும் கணக்கும்

பயணம் பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. திரும்பும் நாளில் ஆட்டோக்காரர் வாரணாசி ஜங்ஷனுக்குத் திருப்பினார்; இவர்கள் ஏற வேண்டியது பனாரஸ், முன்பு மண்டுவாடி என்றிருந்த நிலையம். டிக்கெட்டைக் காட்டியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

போக 42,720 ரூபாய், வசதிக் கட்டணம் உட்பட. வர 15,000க்குள். முதலில் கணக்குப் போட்ட ஒன்றேகால் லட்சத்தில் பாதிகூட இல்லை. எதில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால், திரும்புவதை ரயிலுக்கு மாற்றியதில்தான் பெரும்பங்கு, கிட்டத்தட்ட முப்பதாயிரம். தேதியை நகர்த்தியதில் போகும் வழிக்கு மட்டும் 12,300. கேட்காத சேர்க்கைகளை எடுத்ததில் 3,900 சொச்சம். டிக்கெட்டைப் பிரித்ததில் 3,480. குடும்பம் அதிக நேரம் செலவழித்தது கூப்பனும் கார்டு தள்ளுபடியும் தேடுவதில். அதில் வந்திருக்கக்கூடியது 1,200.

எதை மாற்றிச் செய்வார்கள்

அடுத்த முறை 3,480 மிச்சத்துக்காக டிக்கெட்டைப் பிரிக்க மாட்டோம் என்கிறார் மகள். மூத்த மகனுக்கு அதில் உடன்பாடில்லை. பிரிக்கலாம், ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் தனியாகச் சமாளிக்கக்கூடியவர் ஒருவர் இருக்க வேண்டும், எடுத்த அன்றே இரண்டு டிக்கெட் எண்ணும் எல்லோர் போனிலும் இருக்க வேண்டும் என்கிறார். இந்த விஷயத்தில் நான் மகன் பக்கம். இரவு ஹைதராபாத்தில் மாட்டியிருந்தாலும் அம்மாவோடு மகள் இருந்திருப்பார். உண்மையில் சிக்கல் வந்தது போன் எண் தேடிய இடத்தில்.

உதவி எண்களை டிக்கெட்டிலிருந்தோ நிறுவனத்தின் ஆப்பிலிருந்தோ மட்டும் எடுப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கயா அறையைப் பொறுத்தவரை, சடங்கு ஏற்பாட்டை முதலில் பேசிவிட்டு அப்புறம்தான் அறை பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தளத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டதில், 3,800இல் பாதியை வாலட்டில் வரவு வைத்தார்கள். அதே தளத்தில் வேறு அறையோ டிக்கெட்டோ வாங்கினால்தான் அது கழியும், ஒரு முறைக்கு இத்தனை சதவீதம் என்று வரம்பு வேறு. மூத்த மகன் இதுவரை அதைத் தொடவில்லை.